பெட்டிக்குள் தோல், பலகைக்குள் புழு

ஆம்பூரில் பதனிட்டு முடித்த தோல் ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போது அந்தத் தோலில் பூச்சி இருக்குமோ என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. சுண்ணாம்பில் ஊறி, குரோமியம் ஏறி, சாயமும் மேல்பூச்சும் கண்ட தோலை மரம் துளைக்கும் வண்டு சீண்டாது. அவர்களுடைய கவலையெல்லாம் அந்தத் தோலைச் சுமந்து வரும் மரத்தைப் பற்றியது. சில கட்டைகள், சில பலகைகள், ஒரு கைப்பிடி ஆணி. கண்டெய்னருக்குள் ஏறும் பொருட்களில் மிக மலிவானது பாலெட்தான். ஆனால் பல லட்சம் ரூபாய்ச் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்ப அதிலுள்ள ஒரு பலகை போதும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீள்கிறது இந்தத் தோல் வட்டாரம். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது, தொழில் பிரியவில்லை. இங்கே ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பாலெட்டின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். கட்டையின் மேல் ஒரு சிறு சட்டம் குத்தப்பட்டிருக்கும். இடப்பக்கம் ஒரு கதிர், அதையொட்டி ஐ.பி.பி.சி. என்ற எழுத்துகள். வலப்பக்கம் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என்., அதன்பின் அந்த மரத்துக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் எண், கடைசியாக ஹெச்.டி. அல்லது எம்.பி. கையால் எழுதிய முத்திரை செல்லாது. சிவப்பும் ஆரஞ்சும் கூடாது, அவை ஆபத்தான சரக்கைக் காட்டும் நிறங்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்களிலாவது முத்திரை தெரிய வேண்டும். ஹெச்.டி. என்றால் சூடேற்றியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு செலுத்தியது. உலகத்தின் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்துத்தான் அதிகாரி அடுத்த வேலைக்குப் போகிறார்.

நல்ல தேக்கு நாற்காலியாகும், நல்ல வேம்பு நிலைக்கதவாகும். பெட்டிக்கும் பாலெட்டுக்கும் வருவது கழித்துவிட்ட மரம். வெளிப்புற வெளிறுப் பகுதி, கணு விழுந்த துண்டு, பட்டை ஒட்டிய ஓரம், அறுத்த ஈரம் காயாத பலகை. பூச்சிக்கு வேண்டியது சரியாக இதுதான். மரத்தின் மாவுச்சத்து முழுவதும் வெளிறில்தான் இருக்கிறது. பட்டைக்கு அடியில்தான் முட்டையிட இடம் இருக்கிறது. உலக வணிகம் முழுவதும் ஏறி நிற்பது, பூச்சிகள் தாமே தேர்ந்தெடுக்கக்கூடிய மரத்தின் மேல்.

அதன் விலை என்ன என்பது 1996 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில், கிரீன்பாயின்ட் என்ற பகுதியில் தெரிந்தது. தெருவோர மேப்பிள் மரங்களில் துளைப்பான் போட்டுக் குடைந்ததுபோல் வட்ட வட்டமான ஓட்டைகள். யாரோ விஷமிகளின் வேலை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஓட்டைக்குள்ளிருந்து வந்தது பளபளக்கும் கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும், உடம்பைவிட நீளமான உணர்கொம்புகளும் கொண்ட ஆசிய நீள்கொம்பு வண்டு. சீனாவிலிருந்து வந்த சரக்குகளின் மரப்பெட்டியில் புழுவாகப் பயணம் செய்து, வந்த இடத்தில் வண்டாக வெளியேறியிருந்தது. 1998-ல் சிகாகோவிலும் அதைக் கண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், சீனாவிலிருந்து வரும் மரப்பொதிகள் பக்குவம் செய்யப்படாமல் நுழையக் கூடாது என்று அமெரிக்கா ஆணையிட்டது. மறு ஆண்டே போர்ச்சுகலின் பைன் காடுகளில் பைன் நூற்புழு. ஒரு மில்லிமீட்டர்தான் நீளம், மரத்தின் நீரோட்டத்தை அடைத்துச் சில மாதங்களில் கொன்றுவிடும். 2002-ல் டெட்ராய்ட் அருகே மரகதப் பச்சை நிறத்தில் ஒரு துளைப்பான் வண்டு. அதன் வாயில் போன ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில்.

ஒவ்வொரு நாடும் தனித்தனி விதி போட்டால் வணிகம் முடங்கிவிடும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2002 மார்ச்சில் ஒரு பொது நெறியை ஏற்றது. அதன் பெயர் ஐ.எஸ்.பி.எம். 15. ஆம்பூர் பாலெட்டின் மேல் இருக்கும் கதிர் முத்திரை அதன் குழந்தை.

இதில் நாமும் அப்பாவிகள் அல்ல. சினாக்சைலான் என்ற ஒரு வண்டுப் பேரினத்தின் உறுப்பினர்கள் இந்தியாவிலிருந்து போகும் மரப்பொதிகளில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். நெல்மணி அளவுக்குக்கூட வளராத உருளை உடம்பு. தலை கழுத்துக் கவசத்துக்குள் குனிந்து மறைந்திருக்கும். பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் சரிந்து, அந்தச் சரிவில் இரண்டு முட்கள் துருத்தி நிற்கும். குடையும்போது இந்தச் சரிவால்தான் தூளை வெளியே தள்ளுகிறது. ரப்பர் மரம், மாமரம், முருங்கைபோல் மென்மையான மரங்கள் எல்லாம் இதற்கு விருந்து. மரக்கடைகளில் பலகைக்கு அடியில் மைதா மாவு கொட்டியதுபோல் தூள் குவிந்திருந்தால், 'உளுத்துப் போச்சு' என்று தச்சர்கள் சொல்லித் தள்ளிவைப்பார்களே, அந்தத் தூள் இதன் அல்லது இதன் உறவுக்கார வண்டுகளின் கைவேலை. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் சில சரக்குகளின் மரப்பொதிகளைக் கூடுதலாகக் கண்காணிக்க ஓர் ஆணை பிறப்பித்தபோது, அதில் பெயர் வந்த நாடுகள் பெலாரஸ், சீனா, இந்தியா.

இனி அந்த ஹெச்.டி.

விதி கேட்பது மிக எளிது. மரத்தின் நடு உள்ளே, கருவரை, 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் வந்து, தொடர்ச்சியாக 30 நிமிடம் நிற்க வேண்டும். அறையின் வெப்பமோ பலகையின் மேற்பரப்போ கணக்கில் இல்லை. 'வேலூர் வெயிலில் நாலு நாள் கிடந்த மரத்துக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே காற்றின் வெப்பம் 40-ஐத் தாண்டும். மரம் வெப்பத்தை உள்ளே விடாத பொருள்; விறகடுப்புக் கரண்டிக்கு மரக்கைப்பிடி போடுவது அதனால்தான். மேலே சுடும்போதும் உள்ளே குளுமையாக உட்கார்ந்திருக்கிறது புழு.

வெப்பம் மரத்துக்குள் ஊறும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். ஒரு அங்குலப் பலகை சூடாக எடுக்கும் நேரத்தை வைத்துப் பாலெட்டின் நான்கு அங்குலக் கட்டையைக் கணக்கிட்டால் ஏமாந்து போவோம். அதற்குப் பதினாறு மடங்கு நேரம் வேண்டும். அதனால் அறையில் அடுக்கும்போதே வரிசைக்கு இடையில் குச்சி கொடுத்துக் காற்று புக வழி விடுகிறார்கள். மின்விசிறிகள் சூடான காற்றைச் சுழற்றுகின்றன. இருப்பதிலேயே தடித்த கட்டையில், காற்று கடைசியாகப் போய்ச் சேரும் மூலையில், துளையிட்டு வெப்பமானியின் முனையைச் செருகி, துளையின் வாயை அடைக்கிறார்கள். அடைக்காவிட்டால் சூடான காற்று துளை வழியே புகுந்து, மரம் சூடாகும் முன்பே எண் ஏறிவிடும். எல்லா முனைகளும் 56-ஐத் தொட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இடையில் ஒரு முனை 55-க்கு இறங்கினால் அந்த அரை மணி நேரம் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவும் தானாகப் பதிவாகி அச்சாக வேண்டும். முத்திரையின் மதிப்பு அந்தத் தாளில் இருக்கிறது.

56 எப்படி வந்தது? பைன் நூற்புழுவையும் அதைச் சுமக்கும் வண்டுகளையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து. அந்த வெப்பத்தில் உயிரணுக்களின் புரதம் உருக்குலைந்து, சவ்வுகள் கசியத் தொடங்குகின்றன. அரை மணி நேரம் என்பது, உடனே சாகாதவற்றையும் மீள முடியாமல் செய்வதற்கான இடைவெளி. இது எல்லாப் பூச்சிக்கும் போதாது என்பதும் உண்மை. மரகதத் துளைப்பானின் புழுக்கள் சில இதைத் தாங்கிவிடுகின்றன என்று தெரிந்தபின் ஆஷ் விறகுக்கு மட்டும் 60 டிகிரி, 60 நிமிடம் என்று அமெரிக்கா விதித்தது. பொது நெறி ஒரு சமரசம்: பெரும்பாலான பூச்சியைக் கொல்ல வேண்டும், ஏழை நாட்டின் சிறு மரப்பட்டறையும் அதைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2003 முதல் 2009 வரையிலான சோதனைப் பதிவுகளை அலசியபோது, நெறி நடைமுறைக்கு வந்தபின் பூச்சி தென்பட்ட மரப்பொதிகளின் விகிதம் 36 முதல் 52 சதவீதம் குறைந்திருந்தது. மிச்சம் வந்தது ஆயிரம் சரக்குக்கு ஒன்று என்ற அளவில். ஆயிரத்தில் ஒன்று சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுக்கு வரும் கண்டெய்னர்களின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

நெறி 2013-ல் இன்னொரு சூட்டு முறையையும் சேர்த்தது. மைக்ரோவேவ் அல்லது வானொலி அலைகளால் மரத்துக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குவது. வெளியிலிருந்து உள்ளே ஊறிப் போக வேண்டியதில்லை. முழு மரமும் ஒரே சமயத்தில் சூடாகிறது. 60 டிகிரி, ஒரே ஒரு நிமிடம் போதும். கருவியின் விலையால் இந்தப் பக்கங்களில் அது இன்னும் பரவவில்லை.

எம்.பி. என்ற எழுத்துக்குப் பின்னால் இருப்பது வேறொரு உலகம். மெத்தில் புரோமைடுக்கு நிறமில்லை. சாதாரண அளவில் மணமும் இல்லை. 3.6 டிகிரியில் கொதிப்பதால் சிலிண்டரில் திரவமாக இருந்து, வெளியே வந்ததும் வாயுவாகும். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், தரையோடு தவழும். ஆகவே அடுக்கின் மேலிருந்து விட்டு விசிறியால் கலக்குவார்கள். அடுக்கின் மேல் தடித்த விரிப்பு, விரிப்பின் ஓரத்தில் மணல் நிரப்பிய நீண்ட பைகள். பாம்புபோல் வளைத்து வளைத்து வைத்து, தரைக்கும் விரிப்புக்கும் இடையில் இடைவெளி இல்லாமல் அமுக்க வேண்டும். மணமில்லாத நஞ்சு என்பதால் கண்ணீர் வரவழைக்கும் குளோரோபிக்ரின் சிறிது கலப்பதுண்டு.

இங்கே அளவுகோல் வாயுவின் அடர்த்தி மட்டுமல்ல, அடர்த்தியும் நேரமும் சேர்ந்த பெருக்குத்தொகை. 21 டிகிரிக்கு மேல் உள்ள வெப்பத்தில், 24 மணி நேரத்தில் அது கனமீட்டருக்கு 650 கிராம்-மணியைத் தொட வேண்டும். சராசரியாகக் கனமீட்டருக்கு 27 கிராம் வாயு ஒரு நாள் முழுவதும் நின்றால்தான் கணக்கு நிறையும். முடிவில் 24 கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அதனால் கனமீட்டருக்கு 48 கிராம் அளவில் தொடங்குவது வழக்கம். ஒரு ஓட்டை விரிப்பு இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் கலைத்துவிடும். குளிர் நாட்டில் இதே வேலைக்கு இன்னும் கூடுதல் அளவு தேவை. பூச்சி மெதுவாக மூச்சு விடுவதால் நஞ்சும் மெதுவாகத்தான் ஏறும். சென்னைக்கும் ஆம்பூருக்கும் இந்த விஷயத்தில் வெயில் உதவி செய்கிறது.

தோல் வட்டாரம் மற்ற ஏற்றுமதி ஊர்களிலிருந்து பிரிந்து நிற்கும் இடம் இதுதான். மெத்தில் புரோமைடு கந்தகத்தோடு சேரும் பொருள். தோலில் கந்தகம் இருக்கிறது: முடி நீக்கச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடின் மிச்சம், பதனிடும்போது சேர்ந்த கந்தகச் சேர்மங்கள். ஷூவின் அடியில் இருக்கும் ரப்பர் கந்தகத்தால் இறுக்கப்பட்டது. உள்ளே வைக்கும் பஞ்சு ரப்பரும் அப்படித்தான். வாயுவிலுள்ள மெத்தில் தொகுதி இந்தக் கந்தகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும்போது உண்டாகும் மெர்காப்டான் வகைச் சேர்மங்கள் அழுகிய நாற்றம் அடிப்பவை. எத்தனை நாள் காற்றாட வைத்தாலும் போகாது. மெத்தில் புரோமைடில் காட்டக் கூடாத பொருட்களின் பட்டியலை எந்தக் கையேட்டில் பார்த்தாலும் தோல், ரப்பர், கம்பளி, இறகு ஆகியவை வரிசையாக நிற்கும்.

இந்த வட்டாரம் அனுப்பும் பொருளில் ஏறக்குறைய அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! ஆகவே வாயு போடுவதாக இருந்தால் வெறும் மரத்துக்கு, தோல் ஏறுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். சரக்கு முழுவதும் ஏறிய பிறகு முத்திரை இல்லாத ஒரு கட்டை கண்ணில் பட்டு, 'கண்டெய்னரோடு சேர்த்து ஒரு ஃபியூமிகேஷன் போட்டுவிடலாம்' என்ற யோசனை வந்தால், அது மரத்தைக் காப்பாற்றித் தோலைக் கெடுக்கும் யோசனை. பாலித்தீனில் சுற்றிய பண்டல்களுக்குள் வாயு சரியாகப் புகவும் புகாது, புகுந்தது எளிதில் வெளியேறவும் வெளியேறாது. போய்ச் சேரும் ஊரில் கதவைத் திறப்பவர் அதைச் சுவாசிக்கிறார். இந்த வாயு நரம்பைத் தாக்கும், பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், முறிமருந்து இல்லை. இந்தியாவில் அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் அங்கீகரித்த வல்லுநர் மேற்பார்வையில் தவிர இதைக் கையாளக் கூடாது என்று விதி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நெல் கிடங்குகளில் போடும் பாஸ்பைடு மாத்திரைகளைக் கண்டெய்னருக்குள் போட்டால் என்ன என்றும் கேட்பவர்கள் உண்டு. ஐ.எஸ்.பி.எம். 15 அதை ஏற்கவில்லை. எத்தனை மாத்திரை போட்டாலும் பலகைக்கு முத்திரை கிடைக்காது. அதோடு அதிலிருந்து வரும் பாஸ்பீன் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஷூவின் பித்தளைக் கொக்கியும் கைப்பையின் ஜிப்பும் கறுத்துப்போய்ச் சேரும். 2018-ல் நெறி சேர்த்துக்கொண்ட சல்பியூரைல் ஃபுளூரைடு தோலோடு சண்டை போடாது. ஆனால் பூச்சி முட்டைகளுக்குள் அது தயங்கித்தான் நுழைகிறது. காற்றில் கலந்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கி, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 4,000 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும்.

மெத்தில் புரோமைடு செய்வது ஓசோனுக்குக் கேடு. அதிலுள்ள புரோமின் அணு, ஓசோனை அழிப்பதில் குளோரின் அணுவைப்போல் 60 மடங்கு வலியது. 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் 1992-ல் அது சேர்ந்தது. பணக்கார நாடுகள் 2005-லும் நம்மைப் போன்ற நாடுகள் 2015-லும் வயல்களில் அதை நிறுத்தியாயிற்று. தனிமைப்படுத்தல் பணிக்கும் சரக்கேற்றத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அந்த விலக்கையும் தன் எல்லைக்குள் கைவிட்டது. இந்த வாயு காற்றில் ஓராண்டுகூட நிற்பதில்லை, ஆகவே நிறுத்தினால் பலன் சீக்கிரம் தெரியும். விலக்கு இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் இந்த வட்டாரத்தில்.

காரணம் இந்த வட்டாரத்தின் சொந்த அனுபவம். 1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லிக்குத் தடை போட்டது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அந்த நாளில் ஈரத்தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதைத்தான் இங்கே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மரப்பலகை உளுக்காமல் இருக்க உலகமெங்கும் பூசியதும் இதே பொருள்தான். ஒரே நஞ்சு பெட்டியிலும் இருந்தது, பெட்டிக்குள்ளும் இருந்தது. ஜெர்மனி அப்போது நம் தோலுக்குப் பெரிய சந்தை. ஏற்றுமதி ஆட்டம் கண்டது. 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தொழிற்சாலைகளும் மாற்று மருந்து தேடி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அனுப்பும் பழக்கம் அங்கிருந்துதான் வேர் பிடித்தது. 2015-ல் அந்தப் பொருள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலேயே ஏறியது.

அடுத்த அடி 2009-ல். ஷூ பெட்டிக்குள்ளும் சோஃபாவுக்குள்ளும் பூஞ்சை வராமல் இருக்க வைத்த சிறு பொட்டலங்களில் இருந்த டைமெத்தில் ஃபியூமரேட், ஆவியாகித் தோலில் ஏறி, அணிந்தவர்களின் உடம்பைக் கொப்பளிக்க வைத்தது. ஐரோப்பா கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் மாத்திரைப் புட்டிகளில் பூஞ்சாண நாற்றம் அடிக்கிறது என்று புகார்கள் வந்தன. மருந்தில் கோளாறு இல்லை. புட்டிகளை ஏற்றி வைத்திருந்த மரப் பாலெட்டில் பூசிய டிரைபுரோமோஃபீனாலைப் பூஞ்சை தின்று, டிரைபுரோமோஅனிசோல் என்ற வேறொரு சேர்மமாக மாற்றியிருந்தது. கோடானுகோடியில் சில துளி இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மரத்தில் ஏற்றியது மரத்தில் நிற்பதில்லை. தோல் மணத்தையும் வாயுவையும் ஈரத்தையும் உறிஞ்சும் பொருள். ஆகவே தோலைத் தாங்கும் மரத்துக்கு, எதையும் விட்டுச் செல்லாத சூடுதான் தகுந்த சிகிச்சை. அறையும் வெப்பமானியும் விறகோ டீசலோ மின்சாரமோ கொடுக்கும் சூடும் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது போகும் மரத்தைப் பற்றி. வரும் சரக்கில் கதை தலைகீழ். வெளிநாட்டிலிருந்து பச்சைத் தோலும், குரோமியம் ஏறிய ஈரத்தோலான வெட் புளூவும், இத்தாலிய இயந்திரங்களும் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கே வருகின்றன. பச்சைத் தோலும் அதைத் தாங்கும் பாலெட்டும் ஒரே கண்டெய்னரில் வந்தாலும் அவற்றைப் பார்ப்பவை இரண்டு சட்டங்கள். தோலுக்கு 1898-ன் கால்நடை இறக்குமதிச் சட்டம், கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகம். பலகைக்கு 1914-ன் அழிவுதரும் பூச்சிகள் சட்டமும் அதன் கீழ் வந்த 2003 ஆணையும். சென்னையில் அதைப் பார்ப்பது மீனம்பாக்கத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். பலகையில் முத்திரை இல்லையென்றால், பக்குவம் செய்யும்வரை சுங்கத்துறை சரக்கை விடுவிக்கக் கூடாது.

பூச்சிக்கு இந்த இரண்டு சட்டங்களின் எல்லை தெரியாது. தோல் வண்டு என்று இங்கே சொல்லும் டெர்மெஸ்டிஸ், உப்புப் போட்டோ காயவைத்தோ வந்த பச்சைத் தோலில் முட்டையிடும். மயிர் அடர்ந்த பழுப்புப் புழு வாரக்கணக்கில் தோலை மேய்கிறது. முழுதாக வளர்ந்ததும் தோலை விட்டு இறங்கி, கூட்டுப்புழுவாக ஒளிந்துகொள்ள ஒரு கெட்டியான இடம் தேடுகிறது. பக்கத்தில் இருப்பது பாலெட். அதைக் குடைந்து உள்ளே போய்விடும். மரத்தைத் தின்னாமலே மரத்தைத் துளைக்கும் பூச்சி இது. தோல் தொட்டியில் இறங்கிய பிறகும், காலிப் பலகைக்குள் அடுத்த தலைமுறை உட்கார்ந்திருக்கும். பழைய நாளில் காய்ந்த தோலை ஆர்செனிக் கரைசலில் நனைத்தார்கள். இன்று உப்பும் குளிர்ச்சியும் கிடங்குச் சுத்தமும் அந்த வேலையைச் செய்கின்றன. கோமாரி நோய்க் கிருமிக்கு உலக விலங்கு நல அமைப்பின் வழி, இரண்டு சதவீதம் சோடியம் கார்பனேட் கலந்த கடலுப்பில் தோலை 28 நாள் வைத்திருப்பது.

வெளியிலிருந்து வரும் பூச்சி நம் மண்ணில் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடு தூரம் போக வேண்டாம். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டில் பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் வெளுக்கும்படி பரவியது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அதற்கு முன்பே தைல மரங்களில் ஒரு அயல்நாட்டுக் குளவி இலைக்காம்பை வீங்க வைத்து நாற்றங்கால்களைக் காலி செய்திருந்தது. சேதம் நடப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும், அறிவியல் உறுதிக்காகக் காத்திருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது, பாலாற்றில் விழுந்த தோல் கழிவு பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். தாவரத் தனிமைப்படுத்தல் நிற்பதும் அதே காலில்.

சூட்டு முறையின் நல்ல குணமே அதன் பலவீனமும்கூட. எதையும் மிச்சம் வைக்காததால், அறையை விட்டு வெளியே வந்த மறுநாளே காவல் இல்லை. பட்டை இல்லாத மரத்தில் நீள்கொம்பு வண்டுகள் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. சினாக்சைலான் வகை வரும், காய்ந்த வெளிறுதான் அதற்கு வேண்டியது. பட்டைத் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அகலம் 3 சென்டிமீட்டருக்குள்ளோ, மொத்தப் பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்று நெறி வரம்பு கட்டுவது, பட்டையைத் தேடி நீள்கொம்பு வண்டுகள் திரும்பாமல் இருக்கத்தான். 56 டிகிரிச் சூடு மரத்தைக் காயவைக்கவும் செய்யாது. அரை மணிச் சூட்டில் புழு செத்திருக்கும், ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரப் பலகை மூடிய கண்டெய்னருக்குள் கடல் கடக்கும்போது பகலில் வேர்த்து இரவில் கூரையிலிருந்து சொட்டும். பலகையில் தோன்றும் பூஞ்சை அடுத்த நாள் தோலில் இருக்கும். எனவே தோலுக்கு மரம் வாங்குகிறவர் ஹெச்.டி. என்ற எழுத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஈரப்பத மானியைக் கட்டையில் குத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

இயந்திரப் பெட்டியாக வந்த இத்தாலிய மரமும், வெட் புளூ ஏறி வந்த பிரேசில் பாலெட்டும் இங்கே குப்பைக்குப் போவதில்லை. ஆணி பிடுங்கி, உடைந்த பலகையை மாற்றி, மறுபடி சரக்கு ஏற்றுவார்கள். சிக்கனம் சரிதான், விதி தெரிந்து செய்தால். ஒரு பாலெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் பலகைகளை மாற்றினால் அது பழுது பார்த்தது; புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு துண்டும் தனித்தனியே பக்குவம் செய்யப்பட்டு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அல்லது ஒட்டுப்பலகை போன்ற விலக்குள்ள பொருளாக இருக்க வேண்டும். பசையும் சூடும் அழுத்தமும் கண்ட ஒட்டுப்பலகைக்கும், 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான மெல்லிய பலகைக்கும் முத்திரை வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் அது புதுப் பாலெட். அப்போது பழைய முத்திரைகள் அத்தனையையும், இத்தாலியக் குறியும் பிரேசில் குறியும் உட்பட, பெயின்ட் அடித்தோ இழைத்தோ அழித்துவிட்டு, முழுவதையும் மறுபடி அறைக்குள் வைத்து, ஐ.என். என்று நம் முத்திரையைப் புதிதாகக் குத்த வேண்டும்.